முதுகு மூடும் நேரம்

கண்ணுங்களா,

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்து அக்காவின் உயிரியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒரு பக்கத்தில் மீன், ஆமை, கோழி, மனிதன் என்று நான்கு கருக்களின் படம் வரிசையாகப் போட்டிருந்தது. நான்குக்கும் பெரிய தலை, வளைந்த உடம்பு, சின்ன வால். எது எது என்று கீழே எழுதியிருக்காவிட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தம்பி என்னைப் பார்த்து, "நானும் இப்பிடி வாலோடதான் இருந்தனாப்பா?" என்று கேட்டான். "இருந்தியாவா? இப்பவும் கீதுடா, கண்ணாடில திரும்பிப் பாரு" என்றாள் அக்கா. நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. வந்து புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "சாப்ட வாங்க" என்றாள். சோறு அப்போதுதான் உலையில் கொதித்துக்கொண்டிருந்தது.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் சொல்லமாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் அக்கா திருத்திக்கொள்ளட்டும்.

அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒன்று வந்து தங்காமல் போனது உங்களுக்குத் தெரியாது. அப்போது நாள் தள்ளிப்போன உடனே, சந்தோஷம் தாங்காமல், தெரு முழுக்கச் சொல்லிவிட்டோம். பிறகு அது நிற்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் அம்மா பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் அவளை அதிகமாக வாட்டியது.

அதனால் தம்பி வயிற்றில் தங்கியதும் பெரியம்மா ஒரு கட்டளை போட்டுவிட்டார். அம்மாவின் அக்கா, மாமல்லபுரத்தில் மீன் விற்கிற பெரியம்மாதான். அவர் குரல் உங்களுக்குத் தெரியும். "மூணு மாசம் முடியற வரிக்கும் ஒருத்தர் கிட்டயும் மூச்சு வுடக் கூடாது. கண்ணு பட்டுதுன்னா போச்சு. யோவ், உனுக்கும்தான் சொல்றேன். அந்தக் கோயிக் கொட்டாயில போய் ஒளறி வெக்காதே." கோழிக் கொட்டாய் என்று அவர் சொன்னது நான் வேலை செய்த குஞ்சு பொரிப்பகத்தை. எங்கள் தெருவில் இது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. எல்லா வீட்டிலும் மூன்று மாதம் வாயைக் கட்டித்தான் இருப்பார்கள். எங்களுக்கு ஒரு தடவை சூடுபட்ட பயமும் சேர்ந்துகொண்டது.

சுகாதார நர்சம்மா மாதம் ஒருமுறை எங்கள் தெருவுக்கு வருவார். வீடு வீடாக நின்று, "ஏதாவது விசேஷம் கீதாம்மா? நாள் தள்ளிப் போச்சுன்னா உடனே சொல்லணும், மாத்திரை தரணும்" என்று கேட்பார். இரண்டாம் மாதம் அவர் வந்தபோது அம்மா வீட்டுக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வாசல் வரை கேட்டது. பெரியம்மா வாசலை மறைத்து நின்றுகொண்டு, "நேத்து எறா சாப்ட்டா, ஒத்துக்கல" என்றார். நர்சம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்தார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆமா நர்சம்மா, எறாதான்" என்றாள். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கு அது ஒரு நல்ல தமாஷாக இருந்தது.

மூன்று மாதம் தாண்டிய பிறகு போய்ப் பதிவு செய்தோம். மாத்திரை கொடுத்தார்கள், அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுக்கச் செங்கல்பட்டுக்குப் போனோம்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள். ஸ்கேன் அறைக்கு வெளியே, ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். "கேக்க மாட்டேன், எதுனாலும் உன் மூக்கு மட்டும் வராம இருக்கட்டும்" என்று என் காதில் சொன்னாள்.

உள்ளே இருட்டு. குளிர். டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை நகர்த்திக்கொண்டே பேசினார். "இதோ தலை. இதோ இதயம், துடிக்குது பாருங்க. கை. இன்னொரு கை, முகத்துக்கிட்ட வெச்சிருக்கு." எனக்கு எல்லாமே மழையில் நனைந்த சுவர் மாதிரிதான் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன். பிறகு அவர் கருவியை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பேச்சு நின்றது. கருவி கொஞ்சம் நகர்ந்து மறுபடி அதே இடத்துக்கு வந்தது. மறுபடியும். அம்மாவை இடதுபக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். வலதுபக்கம் திரும்பச் சொன்னார்.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் என் வேலையும் அதுதான். பொரிப்பகத்தில் இருட்டறையில் உட்கார்ந்து முட்டைகளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். உள்ளே கரு பிடித்திருந்தால் சிவப்பு நரம்புகள் சிலந்தி மாதிரி கால் பரப்பி நிற்கும். கூமுட்டையில் ஒன்றும் இருக்காது, வெளிச்சம் அப்படியே தாண்டி வரும். பிடித்துப் பிறகு செத்துப்போனதில் ரத்தம் ஒரு வளையமாக ஒதுங்கியிருக்கும். இரண்டும் பக்கெட்டுக்குப் போகும். நல்ல முட்டையாக இருக்கிறவரை பக்கத்து ஆளோடு கதை பேசிக்கொண்டே தட்டில் அடுக்குவேன். சந்தேகம் வந்தால்தான் வாய் நிற்கும்.

டாக்டர் விளக்கைப் போட்டார். "எத்தனையாவது மாசத்துல இருந்து மாத்திரை சாப்பிடறீங்கம்மா?"

"நாலாவது மாசம் மேடம்."

"அதுக்கு முன்னாடி? ஃபோலிக் ஆசிட்? சின்ன மாத்திரை, குடுத்திருப்பாங்களே?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேஜையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை உருவி உள்ளங்கையில் விரித்தார்.

"பயமுறுத்தறதுக்கு சொல்லல. புரிஞ்சிக்கணும்னு சொல்றேன். கரு ஆரம்பத்துல இப்படித்தான், தட்டையா ஒரு இலை மாதிரி. நடுவுல ஒரு பள்ளம் விழும். ரெண்டு ஓரமும் எழும்பி வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டும்." பேப்பரின் இரண்டு ஓரத்தையும் தூக்கி, மேல்பக்கமாக ஒரு இடத்தில் கிள்ளிப் பிடித்தார். "முதல்ல இங்க ஒட்டும். அப்புறம் ஜிப் மாதிரி ரெண்டு பக்கமும் மூடிக்கிட்டே போகும். மேல மூடினது மூளை. கீழ மூடினது முதுகுத்தண்டு. மீனோ கோழியோ மனுஷனோ, முதுகெலும்பு இருக்கிற எல்லாத்துக்கும் இந்தக் குழாய்தான் அஸ்திவாரம்."

பேப்பரின் கீழ்நுனியை மட்டும் மூடாமல் விட்டிருந்தார். அங்கே விரலை வைத்தார்.

"இந்த இடம்தான் எனக்கு சரியாத் தெரியல. குழந்தை முதுகை கர்ப்பப்பை சுவர்ல ஒட்டி வெச்சிருக்கு. மூடியிருக்கா, ஒரு சின்ன இடம் திறந்து நின்னுடுச்சான்னு இன்னிக்கு சொல்ல முடியாது. அடுத்த வாரம் வாங்க."

"தொறந்து இருந்தா?" என்று கேட்டேன்.

"எங்க, எவ்வளவுங்கறதப் பொறுத்தது. சிலதுக்கு பொறந்ததும் ஆபரேஷன் பண்ணுவாங்க. சில குழந்தைங்களுக்கு கால் வராது. சிறுநீர் கட்டுப்பாடு இருக்காது. ரொம்ப பெரிசா இருந்தா நீங்க ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும். அதையெல்லாம் பார்த்துட்டு பேசலாம்."

"மாத்திரை இப்ப சாப்டா மூடிக்குமா மேடம்?" அம்மாதான் கேட்டாள்.

டாக்டர் பேப்பரை மடித்து வைத்தார். "இல்லம்மா. அது மூடறது ரொம்ப சீக்கிரம். கரு தங்கி முதல் மாசத்துக்குள்ளயே முடிஞ்சிடும். நாள் தள்ளிப்போச்சான்னு நீங்க சந்தேகப்படற நேரம்தான் அது."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அம்மா ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. ஊரே தாண்டிவிட்ட பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"உன் முட்டைல இப்பிடி ஒண்ணு சந்தேகமா இருந்தா இன்னா பண்ணுவே?"

நான் பஸ் டிக்கெட்டை மடித்தேன்.

"பக்கெட்டுல போட்டுடுவே. இல்ல?"

"இது கோழி இல்ல."

"எனுக்குத் தெரியும்யா. உனுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

ஊர் வந்ததும் என் கையைப் பிடிக்காமல் அவளே இறங்கினாள்.

பெரியம்மா கூடையோடு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டிஷ்யூ பேப்பர் இல்லாததால் என் உள்ளங்கையையே மடித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் கத்த ஆரம்பித்தார்.

"எங்கம்மா எத்தினி பெத்தா? எந்த மாத்திரைய முழுங்கினா? பேஜாரு புடிச்ச டாக்டரு, வயித்துப் புள்ளக்காரிய பயமுறுத்தி அனுப்புறா! எல்லாத்துக்கும் முதுகு கீது, இதுக்கு மட்டும் இல்லாம போவுமா?"

"அக்கா, கத்தாதே" என்றாள் அம்மா.

"நான் இன்னா கத்தறேன்? நான் சொன்னதுனாலதான்னு சொல்ல வரீங்க. சொல்லுங்களேன், வாயத் தொறந்து சொல்லுங்க!"

"யாரும் சொல்லல."

"மனசுல சொல்றீங்க இல்ல." கூடையைத் தூக்கினார், மறுபடி இறக்கினார். குரல் தணிந்தது. "ஒருவேளை அப்பிடியே இருந்துதுன்னா... காலு வராத புள்ளைய வெச்சிகினு எப்பிடிம்மா? டாக்டரே சொன்னா, இன்னொண்ணு..."

அம்மா அவரை முடிக்க விடவில்லை. "தெரிஞ்சிக்கத்தான் அடுத்த வாரம் போறேன். தூக்கிப் போடறதுக்கு இல்ல. அக்கா, இந்தப் பேச்சு இந்த வூட்டுல வேணாம்."

அவள் என்னையும் பார்த்துத்தான் அதைச் சொன்னாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனால் உங்களிடம் மறைக்கவில்லை, எனக்குள் அவ்வளவு உறுதி இல்லை. கடலுக்குப் போகாத மீனவன் நான். படகில் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும். கூலியை நம்பி இருக்கிறவன், ஒரு பிள்ளையைக் காலம் முழுக்கத் தோளில் தூக்கிச் சுமக்க முடியுமா என்று நினைத்தேன். நினைத்ததும் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. அந்த வாரம் முழுக்கச் சோற்றிலும் இருந்தது, பஸ்ஸிலும் கூடவே வந்தது.

பொரிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக அடை வைத்த முட்டைகளில் சிலதை ஆரம்ப நாளிலேயே உடைத்துப் பார்ப்போம். கரு பிடித்திருக்கிறதா, சேவல் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. எனக்கு அந்த வேலை பிடிக்காது. யாராவது வந்தால் அவர்கள் தலையில் தள்ளிவிடுவேன். அன்றைக்கு நானே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என்னோடு வேலை செய்த ஆள் ஒருவன், எல்லோரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான், கதவருகே நின்று பார்த்தான். "இன்னா மச்சான், நீயா ஒடைக்கிறே? எப்பவும் நாத்தம்னு ஓடுவியே."

"சொம்மாதான்."

"சொம்மா இல்ல. மூஞ்சி செத்த மத்தி மாதிரி கீது."

முந்தின நாள் வைத்த தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, ஓட்டைத் தட்டி, மெதுவாகக் கிண்ணத்தில் இறக்கினேன். மஞ்சள் கருவின் மேல் பால் நிறத்தில் ஒரு வட்டம். அதன் நடுவில் நூல் துண்டு கிடக்கிற மாதிரி ஒரு கோடு. அரிசியை விடச் சின்னது. வெறும் கண்ணுக்கு அவ்வளவுதான். போனில் கேமராவைத் திறந்து, பெரிதாக்கி, படம் ஆடாமல் இருக்கக் கையை முட்டியில் ஊன்றிப் பார்த்தேன். ஒரு முனை கொஞ்சம் பருத்திருந்தது, அது தலை. அங்கிருந்து கோடு ஒன்றாக ஒட்டி வந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கட்டிகள் ஜோடி ஜோடியாக நின்றன. அந்தக் கட்டிகள்தான் பிறகு முதுகெலும்பாகும் என்று முதலாளி ஒருமுறை சொல்லியிருந்தார். கீழே போகப்போக ஒட்டியிருந்த கோடு இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் ஈட்டி முனை மாதிரி அகன்று, திறந்து கிடந்தது.

டாக்டர் விரல் வைத்த அதே இடம்.

"தொறந்து கீது" என்றேன்.

"இன்னா தொறந்து கீது?"

"முதுகு. கீழ."

அவன் குனிந்து போனைப் பார்த்தான். "எனுக்கு இன்னாடா தெரியும்? பொரிச்சா குஞ்சு, பொரிக்கலன்னா கூமுட்ட."

இன்னொன்றை உடைத்தேன். அதுவும் திறந்திருந்தது. மூன்றாவது முட்டையை எடுத்தபோது என் கையை அவன் பிடித்துக்கொண்டான். "மச்சான், நிறுத்து. சாம்பிளுக்கு இது போதும். இன்னா ஆச்சு உனுக்கு?"

சொன்னேன். மூன்று மாதம் யாருக்கும் மூச்சு விடாதவன் அன்றைக்கு அந்தச் சூட்டு அறையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். இந்தத் தட்டு மொத்தமும் ஊனமாவா பொறக்கப் போவுது? நம்ம கொட்டாயில குஞ்சு குஞ்சா ஓடுதே, அதெல்லாம் முதுகு இல்லாமயா ஓடுது? அதுக்கு முந்தின நாள் வெச்சத ஒண்ணு எடுத்துப் பாரு. அதுக்கும் இன்னும் சாம்பிள் எடுக்கல."

அவன் புத்திசாலித்தனமாகச் சொன்னானா, என் வாயை அடைக்கச் சொன்னானா தெரியாது. எடுத்து உடைத்தேன். இதில் கரு இன்னும் பெரிதாக இருந்தது. தலை பக்கமாகச் சாய்ந்திருந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. கோடு தலையிலிருந்து வால் வரை ஒட்டியிருந்தது. ஈட்டி முனையைக் காணோம்.

எல்லாமே முதலில் திறந்துதான் இருக்கும். திறந்திருப்பது குறை இல்லை, மூட வேண்டிய நேரம் தாண்டியும் திறந்தே நிற்பதுதான் குறை. இதைத்தான் டாக்டரும் சொல்லியிருந்தார். எனக்குக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. புரிந்ததும் ஒரு மூச்சு நிம்மதி வந்தது. அடுத்த மூச்சில் அது போய்விட்டது. எங்கள் பிள்ளைக்கு அந்த நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. வாசலில் நின்று எறா என்று சொல்லிச் சிரித்தோமே, அதற்கும் முன்னாலேயே உள்ளே அந்த வேலை நடந்து முடிந்திருக்கிறது. மூடியதோ மூடவில்லையோ, அதற்குப் பிறகு ஆண்டவனிடம் வேண்டிக்கொண்டாலும் மாறாது. பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

கிண்ணத்தில் அந்தப் புள்ளி கொஞ்ச நேரம் துடித்தது. பிறகு நின்றுவிட்டது. அதைப் பக்கெட்டில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. அவன்தான் வாங்கிக் கொட்டினான்.

இதற்கு நடுவில் தெருவில் ஒரு சண்டை. நர்சம்மா வந்த அன்று பெரியம்மா வியாபாரத்துக்குக்கூடப் போகாமல் காத்திருந்திருக்கிறார். எங்கள் தெருக்கோடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி இருந்தாள். நர்சம்மா அந்த வீட்டு வாசலில் வழக்கம்போலக் கேட்க, மாமியார்க்காரி, "ஒண்ணும் இல்ல" என்றிருக்கிறாள். பின்னாலேயே போன பெரியம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பொய்யி! இந்தப் பொண்ணு காலைல வாந்தி எடுத்ததை நான் பாத்தேன். நாள் தள்ளிப் போயிருக்கு. மாத்திரையக் குடு" என்றாராம்.

"ஏன்டி, என் வூட்டு சங்கதிய தெருவுல கூவி விக்கிறியா? இது இன்னா உன் நெத்திலியா?" என்று மாமியார் பாய்ந்திருக்கிறாள். "எம்மருமவளுக்குக் கண்ணு பட்டா நீயா வந்து சுத்திப் போடுவே?"

"பட்டா படட்டும்டி! கண்ணு பட்டதை சுத்திப் போட்டு எடுத்துக்கலாம். முதுகு மூடலன்னா இன்னாத்த சுத்திப் போடுவே?"

அந்த மாமியாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் வேலை முடிந்து வந்தபோது தெருவே இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் இருந்தாள். "எங்கக்கா தூங்கவே இல்ல போலகீது. கண்ணப் பாத்தியா?" என்றாள்.

மறுபடி ஸ்கேனுக்குப் போன அன்று பெரியம்மாவும் எங்களோடு பஸ் ஏறினார். நான் வேண்டாம் என்றேன். "சொல்லாதேன்னு சொன்னவ நானு. வர்ற சேதியையும் நான் கேக்கறேன்" என்றார். அதற்கு மேல் அவரோடு வாதாட முடியவில்லை.

ஸ்கேன் அறைக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். நான் உள்ளே போனேன். அதே டாக்டர். கருவியை வைத்ததுமே உதட்டைப் பிதுக்கினார். பிள்ளை போன வாரம் படுத்த மாதிரியே படுத்திருந்தது. "வெளிய கொஞ்சம் நடங்கம்மா. ஏதாவது ஜூஸ் குடிங்க. அசையட்டும்."

நடந்தாள். அந்த நீளமான வராந்தாவில் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பெரியம்மா. ஜூஸ் குடித்தாள். மறுபடி உள்ளே போனோம். அசையவில்லை. மறுபடி வெளியே வந்தோம். பெரியம்மா வயிற்றைப் பார்த்துக் குனிந்து, "டேய், யாருடா நீ, உங்கப்பன மாதிரியே மொரண்டு புடிக்கிறே? திரும்புடா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். "டான்னு சொல்லாதே, டீன்னு சொல்லாதே, போர்டு போட்டுக் கீது பாரு" என்று அம்மாவும் சிரித்தாள். சிரிப்பில் வயிறு குலுங்கியது. சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் கை என் மணிக்கட்டை விடவில்லை. நகம் பதிந்து வலித்தது.

மூன்றாம் முறை உள்ளே போனபோது டாக்டர் எதுவும் பேசவில்லை. கருவியை நகர்த்தினார், அழுத்தினார், திரையைப் பார்த்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது; எலும்புகளை மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார் என்று நினைக்கிறேன். கீழே வந்ததும் நிறுத்தினார். திரையை உறைய வைத்தார். பெரிதாக்கினார். அம்மா திரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி சத்தம் மட்டும் கேட்டது. பக்கெட்டில் விழுகிற முட்டையின் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் காதில் அதுதான் கேட்டது.

"மூடியிருக்கு" என்றார் டாக்டர்.

அம்மா இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை என்று நினைத்தோ என்னவோ, அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "திரும்பிப் படுத்துடுச்சு. இப்ப நல்லாத் தெரியுது. பாருங்க, ரெண்டு வரிசை. கடைசி வரைக்கும் ஒழுங்கா வந்து சேருது. மேல தோலும் விட்டுப்போகாம இருக்கு. ஸ்கேன்ல தெரியற வரைக்கும் எந்தக் குறையும் இல்ல. பொறந்ததும் ஒருதடவ டாக்டர் பார்த்துக்குவாங்க."

இந்தத் தடவை எனக்கும் தெரிந்தது. கறுப்பில் வெள்ளையாக, மேலிருந்து கீழே, சீராக. அம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"வஞ்சிரம் நடுமுள்ளு மாதிரி கீது" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான். அம்மா சிரிக்காமல், எழுந்து உட்கார்ந்து, வயிற்றைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ அந்த மாத்திரை சாப்டலன்னாலும் பரவாயில்லையா மேடம்?"

"அப்படி எடுத்துக்காதீங்கம்மா. நிறையப் பேருக்கு அது தானா மூடிடும். சிலருக்கு மூடாம போறத அந்த மாத்திரை தடுக்கும். யாருக்கு தேவைப்படும்னு முன்னாடியே யாருக்கும் தெரியாது. அடுத்த குழந்தைக்கு நினைக்கும்போதே ஆரம்பிச்சிடணும். நாள் தள்ளற வரைக்கும்கூட காத்திருக்கக் கூடாது."

"அடுத்ததா?" என்று அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன்.

அக்கா, இதை நீ படிக்கும்போது கவனமாகப் படி. உனக்காகவும்தான் எழுதுகிறேன். யாரிடம் மறைத்தாலும் நர்சம்மாவிடம் மறைக்காதே. தம்பி, நீயும் படி. வாசலில் நின்று சிரிக்கிறவனாக இருக்காதே.

கதவைத் திறந்ததும் பெரியம்மா எழுந்து நின்றார். கேட்கவில்லை, எங்கள் முகத்தையே பார்த்தார். "மூடிக்கீதுக்கா" என்றாள் அம்மா. பெரியம்மா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதார். யாரோ ஒருவர் ஓடிவந்து, "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவல! ஒண்ணும் ஆவலன்னுதான் அழுவுறேன். போய் உன் வேலயப் பாரு" என்றார். உடனே பசிக்கிறது என்றார். காலையிலிருந்து நாஸ்தாகூட சாப்பிடவில்லையாம்.

எதிரே இருந்த ஓட்டலுக்கு இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து போனார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கை காட்டி நிறுத்திக்கொண்டே போனார்கள். இட்லி சொல்லி வையுங்கள், வருகிறேன் என்று நான் பின்தங்கினேன்.

கட்டடத்துக்குப் பின்னால் ஆண்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது. அங்கே யாரும் இல்லை. சட்டையின் பின்பக்கத்தைத் தூக்கி, வலது கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், டாக்டர் எண்ணிய மாதிரியே மேலிருந்து ஒவ்வொரு முதுகெலும்பாகத் தொட்டுக்கொண்டு கீழே வந்தேன். தோள்பட்டைக்குக் கீழே கை எட்டவில்லை. இடது கையை இடுப்புப் பக்கமாக வளைத்துக் கீழிருந்து மேலே தொட்டுப் பார்த்தேன். அதுவும் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. இரண்டு கையும் எட்டாத இடம் நடுவில் கொஞ்சம் இருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து, அந்த இடம் செங்கல்லில் படும்வரை மேலும் கீழுமாக நகர்ந்தேன். பட்டதும், சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.